மூன்றாம் ஓலைக்கு முன் பூசிய மை

இருபத்திரண்டு வயதிலேயே எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. முதலில் காதோரம், பிறகு நெற்றிக்கு மேலே ஒரு கைப்பிடி, இருபத்தெட்டில் பாதித் தலை. அப்போது ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஆவூருக்கு மூன்று மைல் தள்ளியிருந்த எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். கரும்பலகைக்குப் பக்கத்திலேயே நிற்பவன் என்பதால், பார்க்கிறவர்கள் சாக்பீஸ் தூள் என்று எடுத்துக்கொள்வார்கள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். பையன்கள் என் முதுகுக்குப் பின்னால் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதுவதாக இல்லை.

பெண் பார்க்கத் தொடங்கியதும்தான் நரை ஒரு வினையாயிற்று. முதலில் வந்த இரண்டு சம்பந்தங்களும் ஒரே காரணத்தால் தட்டிப்போயின. மாப்பிள்ளைக்கு வயதைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்றார்கள். என் தாயார் விடுகிறவர் அல்ல. கோவிலில் போய் என் ஞானஸ்நானச் சீட்டை எழுதி வாங்கிக்கொண்டு வந்து காட்டினார். அதைப் பார்த்த பெண் வீட்டார், "இது இவரு தம்பியோட சீட்டா இருக்கும்" என்றார்களாம். எனக்குத் தம்பியே கிடையாது.

அந்தச் சமயம் மலாயாவிலிருந்து விடுப்பில் வந்திருந்தார் என் அக்காள் வீட்டுக்காரர். கப்பலேறப் போகிற வாரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கையில் திணித்தார். உள்ளே கறுப்புப் பொடி நிரம்பிய கண்ணாடிப் புட்டி.

"மாப்ளே, அங்கிட்டுப் பெரிய பெரிய தொரைமாரெல்லாம் இதைத்தான் போடுறாக. தண்ணியில கொழச்சு அடி. ஒரு பயலுக்குத் தெரியாது" என்றார்.

மூன்றாவது சம்பந்தம் ஆவூரிலேயே வந்தது. பெண் பார்க்கப் போவதற்கு முதல் நாள், தாயார் வயலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, கிணற்றடியில் உட்கார்ந்து பொடியைக் குழைத்துப் பூசிக்கொண்டேன். தலை கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. தாயாரிடம் ஏதோ மூலிகைத் தைலம் என்று அடித்துவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முந்தியே தேச்சிருந்தா என்னவாம்?" என்றதோடு விட்டுவிட்டார். பெண் வீட்டில் ஒருவரும் என் வயதைக் கேட்கவில்லை. பெண்ணின் தகப்பனார் பேச்சைக் கணக்காக வைத்திருந்த விவசாயி. அந்த வீட்டில் இருந்தவரை அவர் சிரித்து நான் பார்க்கவே இல்லை. ஆனால் அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டார். பெண்ணை நான் சரியாகப் பார்த்தேனா என்றால் அதுவும் இல்லை. தலையைப் பற்றிய நினைப்பிலேயே நேரம் போய்விட்டது.

எங்கள் கத்தோலிக்கச் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாரும் இன்னாரும் மெய்விவாகம் செய்துகொள்ளப் போகிறார்கள், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் வாசிப்பார். எங்களுக்கு இரண்டு ஓலை முடிந்துவிட்டது. மூன்றாவது ஓலை ஞாயிற்றுக்கிழமை, கல்யாணம் செவ்வாய்க்கிழமை. மறுநாள் விபூதிப் புதன். அன்றிலிருந்து தபசுகாலம், பாஸ்கு என்கிற ஈஸ்டர் முடிகிறவரை கோவிலில் கல்யாணம் நடக்காது. ஆக அந்தச் செவ்வாயைத் தவறவிட்டால் ஒன்றரை மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஒன்றரை மாதத்தில் ஊர் என்னவெல்லாம் பேசும் என்பது ஊரில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

இதற்குள் முடி வளர்ந்து, வேரில் வெள்ளை எட்டிப்பார்க்க ஆரம்பித்தது. வியாழக்கிழமை சாயங்காலம் மிச்சப் பொடியைக் குழைத்து இரண்டாம் தடவையாகப் பூசினேன். இந்தத் தடவை தாராளமாகவே பூசினேன். கல்யாணம் அல்லவா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் வகுப்பில் தலை அரிக்கத் தொடங்கியது. பேன் என்று நினைத்துப் பையன்கள் மேல் கோபப்பட்டேன். சனிக்கிழமை காலையில் கண்ணைத் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. இமைகள் இரண்டும் பணியாரமாக உப்பியிருந்தன. நெற்றி தடித்து, காது மடல்கள் வீங்கித் தொங்கி, மயிர் எல்லையை ஒட்டிப் பிடரிவரை நீர்க் கொப்புளங்கள். தலைக்குள் நெருப்பு. ஒரு கண்ணைக் கையால் பிரித்துக் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்த கையோடு கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மையின் மேல் எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் முதல் தடவை ஒன்றுமே செய்யவில்லையே? அதே புட்டி, அதே பொடி, அதே கிணற்றுத் தண்ணீர். தவிர, மையைப் பற்றி வாயைத் திறந்தால் மூலிகைத் தைலத்தையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். மென்று விழுங்கிவிட்டேன்.

தாயார் கொப்புளங்களைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இது அக்கிப்பா. சூட்டுக்கு வந்திருக்கு. எழுதினாத்தான் எறங்கும்."

எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் பானை செய்கிறவரைக் கூப்பிட்டுக் காவிக்கல்லைக் குழைத்து உடம்பில் படம் எழுதச் சொல்வார்கள். நாங்கள் தலைமுறை தலைமுறையாக வேதக்காரர்கள்தான். ஆனால் அக்கி என்று வந்துவிட்டால் அதற்குச் சாமியாரைத் தேடுவதில்லை. பானைக்காரர் வந்தார். என் நெற்றியில் ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, பிடரியில் ஒன்று என்று நாலு சிங்கம் எழுதினார். சிங்கம் என்று அவர்தான் சொன்னார். கண்ணாடியில் ஒற்றைக் கண்ணால் பார்த்த எனக்கு நாய் மாதிரிதான் தெரிந்தது. காவி காய்ந்து இழுக்க இழுக்க எரிச்சல் இரண்டு பங்காயிற்று. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாலு சிங்கத்தைச் சுமந்துகொண்டு படுத்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நான் போகவில்லை. தன்னுடைய மூன்றாவது ஓலை வாசிக்கிற அன்றைக்கு மாப்பிள்ளை கோவிலுக்கு வரவில்லை என்றால் கேள்வி வராமல் இருக்குமா? பூசை முடிந்ததும் கோவில் உபதேசியார் சைக்கிளில் வந்துவிட்டார். வாசற்படியில் ஒரு காலை வைத்தவர், கட்டிலில் கிடந்த என்னைப் பார்த்தார். என் காதுகளைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். வைத்த காலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "ஒடம்பைப் பாத்துக்கங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நேராகப் பெண் வீட்டுக்குத்தான் போனார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சற்றுமுன்தான் அவர் காதில் விழுந்திருந்தது.

மத்தியானம் பெண்ணின் தகப்பனார் வந்தார். தாயார் ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அவர் வாங்கவில்லை. "இப்பத்தான் குடிச்சேன்" என்றார். வெயிலில் மூன்று மைல் நடந்து வந்த மனிதர் அவர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தாயாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. சொம்பைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றார்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டார். எனக்கு உள்ளே கேட்டது.

"சம்மந்தி, மறைக்காம சொல்லுங்க. ஒங்க வம்சத்துல யாருக்காச்சும் பெருவியாதி உண்டா?"

தொழுநோய்க்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. முகம் தடித்து, நெற்றி மினுமினுத்து, காது மடல் வீங்கித் தொங்கினால் அந்த நாளில் யாரும் வேறு எதையும் நினைக்கமாட்டார்கள். நானே வேறொருவன் முகத்தில் இதைப் பார்த்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். கல்யாணம் நின்றுபோவது ஒரு பக்கம். அந்தப் பேச்சு ஒரு தடவை கிளம்பிவிட்டால் எனக்கு வேலை போகும், தாயாருக்குக் கிணற்றில் தண்ணீர் கிடைக்காது, அக்காளின் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் கிடைக்காது. அதற்கு மேல் படுத்திருக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலுக்கு வந்தேன்.

"மாமா, இது வியாதி இல்ல. தலைக்கு மை போட்டேன். எனக்கு நரை. ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு போட்டேன்."

தாயார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. பெண்ணின் தகப்பனார் என் தலையைப் பார்த்தார்.

"பொண்ணு பாக்க வந்தப்பவும் இதே கறுப்புத்தான இருந்துச்சு? அப்ப ஒண்ணும் ஆகலயே?"

"அதுதான் எனக்கும் வெளங்கல மாமா."

"நரையை மறைச்சவரு வியாதியை மறைக்கமாட்டீங்களா?"

ஒரு பொய்யில் கையும் களவுமாக அகப்பட்டவன் அதற்குப் பிறகு சொல்கிற உண்மைக்கு என்ன மதிப்பு? அவர் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். பிறகு, "நாளைக்குக் காலையில மொதப் பஸ்ல சிஸ்டர்மாரு ஆஸ்பத்திரிக்குப் போவோம். அவங்க சொல்லட்டும். அந்தப் பொடி டப்பாவையும் எடுத்துக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

காவியைக் கழுவிவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறினேன். பெண்ணின் தகப்பனார் எனக்கு மூன்று வரிசை முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்குப் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. ஜனங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்களே ஒழிய உட்காரவில்லை.

கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன மருந்தகம் அது. ஒரு நீளத் தாழ்வாரம், இரண்டு பெஞ்சு. மருந்து கொடுத்த சிஸ்டர் கண்ணாடி போட்ட, வேகமாகப் பேசுகிற பெண்மணி. எனக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும், அவர் காதுகளும் என் காதுகளைப் போலவே இருந்தன. சிஸ்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, கையிலும் கன்னத்திலும் குண்டூசியால் குத்திக்கொண்டே வந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலைந்து குத்து ஆனபிறகு அவர், "ஆரம்பிக்கலாம் சிஸ்டர்" என்றார்.

சிஸ்டர் குண்டூசியைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளைத் தொட்டார். என் பக்கத்தில் நின்ற பெண்ணின் தகப்பனாரிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. பெருவியாதி வந்த தோலுக்குக் குத்துத் தெரியாது. எனக்கும் வலிக்காமல் போய்விட்டால்? மை என்பதெல்லாம் நானாகக் கட்டிக்கொண்ட கதையாக இருந்துவிட்டால்? கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தபோது எனக்கு ஒரு செபம்கூட முழுதாக வாயில் வரவில்லை.

சிஸ்டர் என் காது மடலில் குண்டூசியை வைத்தார்.

நான் போட்ட கூச்சலில் தாழ்வாரத்துப் புறாக்கள் பறந்துவிட்டன என்று பிற்பாடு சொன்னார்கள். "ஆத்தாடி!" என்று ஆரம்பித்து, "கொல்றாங்களே!" என்று முடித்தேன். நடுவில் ஒரு வாத்தியார் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்றும் இருந்தது. வெந்துபோயிருந்த காதில் குத்தினால் வேறு என்ன வரும்? சிஸ்டர் விடாமல் கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று, கையில் ஒன்று வைத்தார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கத்தினேன்.

"போதும் சிஸ்டர், போதும்!" என்று பெண்ணின் தகப்பனார்தான் குறுக்கே வந்தார். அவர் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. "கத்துறாரே! என்னமாக் கத்துறாரு!" என்று தாழ்வாரத்தில் இருந்த எல்லோரிடமும் சொன்னார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. வலிக்கிறது, நன்றாக வலிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வலியை நினைத்து அப்படிச் சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சிஸ்டர் அட்டைப்பெட்டியை வாங்கிப் பார்த்தார்.

"எத்தனாவது தடவை போட்டீங்க?"

"ரெண்டாவது."

"அதான். மொதத் தடவை ஒடம்பு பேசாம இருந்து அடையாளம் பாத்து வச்சுக்கும். ரெண்டாந்தடவை கண்டதும் சண்டைக்கு வந்துரும். எல்லாருக்கும் அப்படி இல்ல, சில பேருக்கு. இனிமே ஒங்க ஆயுசுக்கும் இதைத் தொடக் கூடாது. அடுத்த தடவை தொண்டை வீங்கும், மூச்சு நிக்கும்." பெட்டிக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்துக் கண்ணாடிக்குக் கிட்டே பிடித்தார். "ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டைத் தோல்ல வச்சு ஒரு நாள் முழுக்கப் பாத்துட்டுத்தான் தலையில போடணும்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கே. நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"வாத்தியார்" என்றேன். என்ன பாடம் என்று கேட்பதற்குள் தலையைக் குனிந்துகொண்டேன். இங்கிலீஷும் நான்தான் எடுத்தேன்.

ஒட்ட முடியை வெட்டி, தலையைப் பல தடவை கழுவி, ஒரு ஊசி போட்டு, பூசிக்கொள்ள வெள்ளைக் களிம்பும் விழுங்குவதற்கு மாத்திரையும் கொடுத்தார்கள். நாளைக்குக் கல்யாணம் என்றதும் சிஸ்டர் சிரித்துவிட்டார். "ஒட்டாது. பயப்படாம நடத்துங்க" என்று பெண்ணின் தகப்பனாரைப் பார்த்துச் சொன்னார்.

வெளியே வரும்போது, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் வேப்பமரத்தடியில் மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டே அவரைக் கடந்தோம். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன். இரண்டு நாள் அந்த நிலையில் நான் இருந்திருக்கிறேன், என் வீட்டுத் தண்ணீரை ஒருவர் வாங்காமல் விட்டதைப் பார்த்திருக்கிறேன், அப்படியும் ஒரு வார்த்தை பேசத் தோன்றவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

திரும்புகிற பஸ்ஸில் பெண்ணின் தகப்பனார் என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார். வறுத்த கடலை வாங்கித் தோலை ஊதி, தன் கையாலேயே என் உள்ளங்கையில் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றதும், "சம்மந்தி, தண்ணி குடுங்க" என்று கேட்டு வாங்கி ஒரு சொம்பையும் குடித்து முடித்தார். தாயார் அப்போதுதான் அழுதார். அழுது முடித்துவிட்டு மூலிகைத் தைலத்தைப் பற்றி என்னிடம் தனியாகப் பேசினார். அது எங்களுக்குள் இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது. வீக்கம் பாதி வடிந்திருந்தது. இடது கண் மட்டும் அரைக்கண். வெட்டிய தலையில் களிம்பு, அதற்கு நடுவே நரை பளிச்சென்று தெரிந்தது. வேண்டுதல் மொட்டையா என்று கேட்டவர்களுக்கெல்லாம் என் மாமனாரே முந்திக்கொண்டு பதில் சொன்னார். "மாப்பிள்ளைக்கு எளநரைங்க. மை போட்டாரு, கடிச்சிருச்சு. வேற ஒண்ணுமே இல்ல. நரைதான், வெறும் நரை!" என்று பந்தியில் இலைக்கு இலை சொல்லிக்கொண்டு போனார். ஒருத்தருக்கும் தெரியக் கூடாது என்று எதை மறைத்தேனோ, அது ஆவூரில் ஒருவர் பாக்கியில்லாமல் தெரிந்துவிட்டது. எனக்கு அதில் துளிக்கூட வருத்தம் வரவில்லை. உச்சி குளிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாடு முடிந்து, கூண்டு வண்டியில் எங்கள் ஊருக்குப் புறப்பட்டோம். அப்போதுதான் அவள் முகத்தை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன், அதுவும் ஒன்றரைக் கண்ணால். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போது அவளே பேசினாள்.

"ஞாயித்துக்கெழமை ஒங்களைப் பத்திச் சொன்னாங்கள்ல, அன்னைக்கு நான் கல்யாணம் நின்னு போகணும்னுதான் வேண்டிக்கிட்டேன். ஒளிக்காம சொல்லிப்புடுறேன்."

"வேண்டாமலா இருப்பே" என்றேன். வேறு என்ன சொல்வது? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"ரெண்டு நாளாச் சோறு எறங்கல. நேத்துச் சாயங்காலம் அப்பா வந்து, நடுவீட்டுல நின்னுக்கிட்டு நீங்க கத்துனதைக் கத்திக் காமிச்சாரு. அப்பா அப்படியெல்லாம் செய்யிற ஆளே இல்ல. அம்மாவுக்கு ஒரு தடவை, சித்திக்கு ஒரு தடவை, பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்புட்டு ஒரு தடவை. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சுப் போச்சு. அதுக்கப்பறம் ஒரு தட்டுச் சோறு தின்னேன்." கொஞ்சம் நிறுத்தி, வலை முக்காட்டை விலக்கிக்கொண்டு கேட்டாள். "அப்பா கூட்டிச் சொன்னாரா, நெசமாவே அப்படித்தான் கத்துனீங்களா?"

எனக்கு என்ன தோன்றியதோ, காதைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தாடி! கொல்றாங்களே!" என்று முழுக்குரலில் ஒரு கூச்சல் போட்டேன். வண்டிக்காரர் மிரண்டுபோய் மாட்டைப் பிடித்து நிறுத்தினார். பின்னால் வந்த வண்டியிலிருந்து தாயார் என்ன, என்ன என்று கேட்டார்.

அவள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"அப்பா இன்னும் நல்லாக் கத்துனாரு" என்றாள்.